வலிக்காத காயம்



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காலில் காயம் படுவது பெரிய செய்தியல்ல. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கினால் முள்ளும் கல்லும் உடைந்த மங்கின் சில்லும் காலைப் பதம் பார்க்கத்தான் செய்யும். வலித்தால் உட்கார்ந்து பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போவோம். காயம் பட்டதை நமக்குச் சொல்வது அந்த வலிதான். அது சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றியும், அப்படிப்பட்டவர்களைத் தாதியர் எவ்வாறு காத்து வந்திருக்கிறார்கள் என்பதைப் பற்றியும் இன்று பேசலாம் என்றிருக்கிறேன்.

என் தாத்தா கூலிம் வட்டாரத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். 1980களின் கடைசியில், நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் மாலை வீட்டுச் சிமெண்டுத் தரையில் வரிசையாக இரத்தப் பொட்டுகள் இருப்பதைப் பாட்டி பார்த்தார். அந்தப் பொட்டுகளைத் தொடர்ந்து போனால், தாத்தா நாற்காலியில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருக்கிறார். வலது பாதத்தில் ஓர் ஆணி ஏறியிருக்கிறது. எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியவில்லை. "வலியே இல்ல, இதெல்லாம் ஒரு காயமா?" என்றார். மஞ்சளைக் குழைத்து வைத்துக் கட்டினார்கள். அதோடு மூன்று வாரம் நடந்து திரிந்தார். விரல் கறுத்து, வாடை வந்த பிறகே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தாத்தாவுக்குப் பல வருடங்களாக இனிப்பு நீர் உண்டு. கட்டிலில் கிடந்தபடி என் அப்பாவிடம் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "வலிக்காத காலை ஏன்டா வெட்டினாங்க?" அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் லயத்தில் யாருக்குமே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அவசரப்பட்டு வெட்டிவிட்டார்கள் என்றுதான் நெடுநாள் பேசிக்கொண்டோம். பயிற்சிக் கல்லூரி முடித்து ஆசிரியராக வந்த பிறகே, அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது என்பதும், அது உலகத்தைச் சுற்றி வந்த பதில் என்பதும் எனக்குத் தெரிந்தன.

நோய் என்னவோ பழைய நோய்தான். சிறுநீர் தேனைப் போல இனிப்பதையும், அதில் எறும்பு மொய்ப்பதையும் பழைய இந்திய மருத்துவர்கள் கண்டு சொன்னார்கள். சித்த மருத்துவர்கள் மதுமேகம் என்றார்கள், நீரிழிவு என்றார்கள். பெயர் இருந்தது, பெரிய மருந்து இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட, இந்நோய் கண்ட சிறுபிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில மாதங்கள் கூடுதலாக உயிரோடு வைத்திருப்பதே வைத்தியமாக இருந்தது. 1922 ஜனவரியில் கனடாவின் டொரோண்டோ நகர மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டது. பான்டிங், பெஸ்ட், மக்லியோட், காலிப் என்ற நால்வரின் உழைப்பால் வந்த மருந்து அது. சாகக் கிடந்த பையன் பிழைத்தான்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். இன்சுலின் ஒரு தடவை போட்டால் தீர்ந்துவிடும் மருந்தல்ல. அதுவரை மருத்துவர் கையில் இருந்த ஊசி நோயாளியின் கைக்குப் போக வேண்டும். கண்ணாடிக் குழலையும் ஊசியையும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும், அளவு பார்த்து உறிஞ்ச வேண்டும், தன் உடம்பிலேயே குத்திக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இதையெல்லாம் யார் கற்றுக்கொடுப்பது? அந்த வேலை தாதியரிடம் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவர் எலியட் ஜாஸ்லின் என்பவர், இதற்கென்றே தாதியரைப் பழக்கி நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். அவர்கள் அடுப்படியில் நின்று உணவை நிறுத்துக் காட்டினார்கள். சிறுநீரைச் சோதிக்கவும் ஊசி போடவும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆசிரியர் தொழில் செய்பவன் என்ற முறையில் எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. மருத்துவத்துக்குள் ஒரு பள்ளிக்கூடத்தைக் கொண்டுபோய் வைத்தவர்கள் இந்தத் தாதியர்.

அதே ஜாஸ்லின் இன்னொன்றையும் கண்டார். இன்சுலின் வந்த பிறகு மயக்கத்தில் விழுந்து சாகிறவர்கள் குறைந்தார்கள். நீண்ட நாள் வாழ்ந்தவர்களுக்கோ கால் அழுகும் நோய் வந்தது. 1930களில் இதைப் பற்றி எழுதிய அவர், அது தலைவிதியல்ல, தடுக்கக்கூடியது என்று வாதாடினார். தம் மருத்துவமனையில் கால்களைக் கழுவவும் பார்க்கவும் தனி ஏற்பாடு செய்தார்.

அந்த நாளில் நம் கெடாவில் என்ன நிலைமை? 1909-இல் கெடா சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டிஷாரின் ஆதிக்கத்துக்கு வந்தது. கூலிமிலும் கோலமூடாவிலும் காடு அழிந்து ரப்பர் எழுந்தது. தோட்ட ஆஸ்பத்திரிகள் வந்தன என்றால், அவை முதலில் மலேரியாவோடும் வயிற்றுப்போக்கோடும் கொக்கிப்புழுவோடும் போராட வந்தவை. அங்கே ராஜா டிரஸ்ஸர் ஐயாதான். கொயினா கொடுப்பவரும் அவர், காயம் கட்டுபவரும் அவர். இனிப்பு நீரைக் கண்டுபிடிக்க அக்காலத்தில் ஒரு சோதனை இருந்தது. பெனடிக்ட் என்பவர் கண்டுபிடித்த நீலக் கரைசல் 5 மில்லிலிட்டர் எடுத்து, அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சுவது. நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் கூடுதல், செங்கல் நிறமானால் மிக அதிகம். வயதானவர்கள் சிலர் இன்றும், "எனக்குச் செங்கல் வந்துச்சு" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1950களில் கிராமப்புறச் சுகாதாரச் சேவைக்கான பயிற்சி நிலையம் ஒன்று நம் மாநிலத்து ஜித்ராவிலேயே தொடங்கியது. அவ்வாறு பயின்ற தாதியரும் மருத்துவச்சிகளும் கம்பங்களுக்குப் போனார்கள். தோட்டமோ கம்பெனியின் நிலம். அங்கே வைத்தியம் கம்பெனியின் பொறுப்பு. ஆகவே கம்பத்து வீட்டு வாசலுக்கு வந்த தாதி, லயத்து வாசலுக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. இதை நான் குறையாகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

இனி தாத்தாவின் கேள்விக்கு வருவோம். அதற்கான பதில் தமிழ்நாட்டில், வேலூரில் கிடைத்தது. அதுவும் நீரிழிவு நோயாளிகளிடமிருந்து அல்ல, தொழுநோயாளிகளிடமிருந்து.

பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். அங்கே தொண்டு செய்த ஆங்கிலப் பெற்றோரின் பிள்ளை. லண்டனில் படித்துவிட்டு 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் வளர்ந்து அந்தக் கல்லூரியானது. அங்கே தாதியர் பயிற்சி 1909-லேயே தொடங்கிவிட்டது. அக்காலத்தில் தொழுநோய் என்றால் சதை தானாக அழுகி விரல்கள் உதிரும் என்றே எல்லாரும் நம்பினார்கள், மருத்துவர்கள் உட்பட. நம் நாட்டிலும் அந்த நோய் கண்டவர்களை 1930-இல் திறந்த சுங்கை பூலோ குடியிருப்புக்கு அனுப்பிவிட்டு, ஊர் அவர்களை மறந்தது.

பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளின் கைகால்களை நாள்தோறும் உற்றுப் பார்த்தார்கள். அவர்கள் கண்டது இதுதான். சதை தானாக அழுகுவதில்லை. நோய் நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டதும் வலி போய்விடுகிறது. வலி போன மனிதன் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறான், ஆணி குத்திய காலோடு நடக்கிறான், புண்ணின் மேலேயே முழுப் பாரத்தையும் வைத்து நடக்கிறான். அவனை அறியாமல் அவனே தன் காலைத் தேய்த்து அழிக்கிறான். நோயாளிகள் சிலருக்கு இரவில் விரல் குறைந்து காலையில் தெரிவதைக் கண்டு விழித்திருந்து காவல் காத்தபோது, எலி வந்து கடிப்பது தெரிந்தது. வலி இல்லாததால் அவர்கள் எழவில்லை. அதன் பின் வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்களாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வைத்தியம் என்பது நோயாளியின் இரவையும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சான்று இல்லை.

ஆகவே அங்கே சிகிச்சை முறை மாறியது. புண்ணுக்குக் களிம்பு மட்டும் போதாது. பாரம் புண்ணின் மேல் விழாமல் இருக்க வேண்டும். காலைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டார்கள். இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் 1930களிலேயே இந்தக் கட்டைக் கையாண்டிருந்தார். புண் ஆறியவர்களுக்கு நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரில் செருப்புச் செய்து கொடுத்தார்கள். ஆம், ரப்பர்தான். நம் தாத்தா பாட்டிமார் வெறுங்காலோடு நடந்து சேகரித்த பாலில் ஒரு துளியாவது யாரோ ஒருவருடைய காலைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு திருப்தி. எல்லாவற்றுக்கும் மேலாக, மாலைதோறும் கையையும் காலையும் தாமே பார்க்கும் வழக்கத்தை நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வலி செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்ய வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கேதான் இரண்டு நோய்களும் சந்தித்தன. நீரிழிவு உள்ளவர்களின் பாதப் புண்கள் வேலூர்ப் புண்களைப் போலவே இருந்தன. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடி நின்றால் நரம்பு மரத்துப் போகிறது. இரத்தக் குழாயும் அடைபடுகிறது. ஆக, வலிக்காத கால் நல்ல கால் அல்ல, நேயர்களே. வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்காததே தாத்தாவின் காலுக்கு வந்த கேடு. அவசரப்பட்டு வெட்டியதால் அந்தக் கால் போகவில்லை. மூன்று வாரம் யாரும் பார்க்காததால் போனது. யாரும் என்பதில் எங்கள் வீடும் அடக்கம்.

மரத்துப்போன இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய கருவி அந்தத் தொழுநோய் மருத்துவமனை வழியாகவே பரவியது. தூண்டில் நரம்பைப் போன்ற ஒரு நைலான் இழை. பாதத்தில் வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் அது வளைந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டிருப்பவர் அந்தத் தொடுதலை உணர்ந்தால் அந்த இடத்தில் காப்பு உண்டு, உணராவிட்டால் ஆபத்து. மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். 1981-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவர், தாதியர், பாத வைத்தியர், காலணி செய்பவர் எல்லாரும் ஒரே அறையில் சேர்ந்து பார்க்கும் கால் சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. அங்கே சில ஆண்டுகளுக்குள் பெரிய கால்வெட்டுகள் பாதியாகக் குறைந்தன. புதிய மருந்து எதுவும் வந்து அப்படி ஆகவில்லை. காலைப் பார்ப்பவர்கள் கூடினார்கள், அவ்வளவே.

தாத்தாவின் வலது கால் போனது. இடது கால் கடைசி வரை இருந்தது. அதற்குக் காரணம் அந்த வார்டில் வேலை செய்த ஒரு மலாய் மிஸ்ஸி. அவர் பாட்டியைக் கட்டிலின் கால்மாட்டில் உட்காரவைத்து, விரல் இடுக்குகளைப் பிரித்துக் காட்டி, "ஹாரி ஹாரி தெங்கோ" என்றாராம். தினந்தோறும் பார் என்று பொருள். பாட்டிக்குச் சந்தை மலாய்தான் தெரியும். இது போதுமானதாக இருந்தது. வெந்நீரில் காலை வைக்காதே, வைப்பதென்றால் முதலில் உன் முழங்கையை விட்டுப் பார். ஆணிக்கால் முளைத்தால் பிளேடால் சீவாதே. எண்ணெய் தடவு, விரல் இடுக்கில் மட்டும் தடவாதே, ஈரம் நிற்கும். சப்பாத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு மாட்டச் சொல். இவ்வளவையும் மலாயும் சைகையுமாகச் சொல்லி, மறுநாள் பாட்டியிடமே திருப்பிக் கேட்டிருக்கிறார். நல்ல ஆசிரியர் செய்வதும் அதுதானே. வீட்டுக்கு வந்த பிறகு, முகம் பார்க்கும் சிறிய கண்ணாடி ஒன்று தாத்தாவின் பாதத்தடிக்கென்றே ஒதுக்கப்பட்டது. மாலையானால் பாட்டி "ஆரி ஆரி தெங்கோ" என்று கூப்பிடுவார். தாத்தா முணுமுணுத்துக்கொண்டே காலை நீட்டுவார். அப்படிப் பதினோரு வருடம் நீட்டினார்.

இதற்கிடையில் நம் வாழ்க்கையும் மாறிவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பிள்ளைகள் சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். மைல் கணக்கில் நடந்த கால்கள் மோட்டார் சைக்கிளில் ஏறின. தட்டில் சோறும் குவளையில் இனிப்பும் மட்டும் குறையவில்லை. 1986-இல் அரசாங்கம் நாடு முழுதும் எடுத்த ஆய்வில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களில் 6.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2019-இல் 18 வயதுக்கு மேற்பட்டவர்களிலேயே அது 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு, அதாவது மூவரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. 2023-இல் நாட்டின் கணக்கு 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கிறது என்பது ஆறுதல். என்றாலும் இந்தியர்களே அப்போதும் முன்னணியில். இந்த ஒரு முன்னணியை விட்டுக்கொடுத்தால் நல்லது.

இன்று அரசாங்கச் சுகாதார நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் நீரிழிவுக்கென்று தனிப் பயிற்சி பெற்ற தாதியர் இருக்கிறார்கள். அவர்கள் வேலை கால்களோடு முடிவதில்லை. சிறுநீரகம் கெட்டவர்களில் பலர் வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு இருக்கிறார்கள். நம் நாட்டில் புதிதாக அந்த நிலைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவால் வருகிறவர்கள். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், பெலிம்பிங் பழம் ஏன் விஷமாகும் என்பதையெல்லாம் அங்கே சொல்பவர் தாதி. வீட்டிலேயே வயிற்றுக் குழாய் வழியாகச் சுத்திகரிப்பவர்களுக்குக் கை கழுவுவதிலிருந்து கற்றுக்கொடுப்பவரும் அவரே. பார்வை மங்கியவருக்கு இன்சுலின் அளவை விரலால் எண்ணக் கற்றுத்தருவார்; பேனா போன்ற ஊசியில் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு சத்தம் கேட்கும். "ஊசி என்று ஆகிவிட்டால் கதை முடிந்தது" என்று நம் பெரியவர்கள் அழுவதைப் பொறுமையாகக் கேட்பதும் அவர் வேலையில் சேர்ந்ததே. கால் இழந்தவர் கல்யாண வீட்டுக்கும் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், காயத்தைக் கட்டும்போதே "ராத்திரி தூக்கம் வருதா ஐயா?" என்று அவர் கேட்பது சும்மா பேச்சுக்காக அல்ல.

கோயில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். நம் வழிபாட்டில் செருப்புக்கு இடமில்லை. தைப்பூச நேரத்தில் தார் ரோடு கொதிக்கும். தீமிதிக்குச் சொல்லவே வேண்டாம். கால் மரத்தவருக்குச் சுடுவதே தெரியாது. பக்தியால் சுடவில்லை என்று அவர் மகிழ்ந்திருக்கும்போதே கொப்புளம் எழும்பியிருக்கும். என் பள்ளிப் பிள்ளையொருவனின் பாட்டிக்கு இப்படித்தான் ஆனது. அவரைக் கவனித்த தாதி, "சாமிக்குப் போகாதீங்க" என்று சொல்லவில்லை. வெயில் ஏறுமுன் விடியலில் போங்கள், கனத்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பாருங்கள் என்றார். பாட்டி அதைக் கேட்டுக்கொண்டார். போகாதே என்று சொல்லியிருந்தால் கேட்டிருக்கமாட்டார் என்று அவரே என்னிடம் சொன்னார்.

எனக்கும் நாற்பதைத் தாண்டியதும் இனிப்பு நீர் வந்துவிட்டது. சென்ற முறை சுகாதார நிலையத்துக்குப் போனபோது, தாதி என்னைக் கண்ணை மூடச் சொல்லி அந்த நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுக்கொண்டே வந்தார். தொட்டது தெரியும்போதெல்லாம் "ம்" சொன்னேன். முடிந்தது என்று கண்ணைத் திறந்தால், அவர் என் இடது பெருவிரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே மூன்று முறை தொட்டாராம். நான் வாயைத் திறக்கவில்லையாம். அட்டையில் ஒரு வட்டம் போட்டார். அடுத்த முறை மனைவியையோ பிள்ளையையோ கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பாட்டியின் கண்ணாடி இப்போது அவளிடம்தான் இருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் கூப்பிடுகிறாள். அவள் கொள்ளுப்பாட்டியைப் பார்த்ததில்லை, ஆனாலும் அதே மலாயில்தான் கூப்பிடுகிறாள்.